சிங்கள ‘ஸ்ரீ’ ஏன் உடைகிறது? யூனிகோட் கேள்வி பதில்

வவுனியா வாசகர்: எங்கள் இணையப் படிவத்தில் சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’ என்று தட்டும்போது சரியாக வருகிறது. சேமித்துவிட்டுத் திறந்தால் ‘ஸ்’ தனி, ‘ரீ’ தனி. எழுத்துருக் கோளாறா?

எழுத்துருமேல் குற்றமில்லை. பார்வைக்கு ஒரே எழுத்து, உள்ளே ஐந்து குறியீடுகள் (யூனிகோட் ஒவ்வோர் எழுத்துக்கும் தரும் எண்கள்): ஶகரம், அல் லகுண (நம் புள்ளி செய்யும் வேலைதான்), ஸீரோ விட்த் ஜொயினர் என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், ரகரம், ஈகாரக் குறி. பதின்ம எண்ணில் 3521, 3530, 8205, 3515, 3539. உங்களிடம் களவு போனது நடுவில் நிற்கும் 8205.

தேவநாகரியில் மெய்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். பிரிக்கத்தான் தனிக்குறி வேண்டும். சிங்களத்தில் அல் லகுண வெளியே தெரிவதுதான் இயல்பு. ஒட்ட வேண்டுமென்றால் கேட்க வேண்டும், அப்படிக் கேட்பதுதான் ஜொயினர். அது இருந்தால் ரகரம் கீழே வளைந்து ரகாராங்சய ஆகும். உங்கள் சேவையகத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை நீக்க யாரோ ஒரு வரி எழுதியிருப்பார்கள். தேடிப் பிடியுங்கள். குடும்ப எமோஜி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்பா, அம்மா, பிள்ளை தனித்தனியாக வந்தால் அதே வரிதான் காரணம். ஜொயினரைத் துடைக்காதீர்கள்.

மாணவி, கொழும்பு: யங்சய, ரேபய?

இதே முறைதான். யங்சய என்பது முன் எழுத்தோடு ஒட்டும் யகரம், ரேபய என்பது அடுத்த எழுத்தின் தலையில் ஏறும் ரகரம். ரேபயவில் ரகரம் முதலில் வரும். பாளி நூல்களில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எழுத்துகளுக்கு மட்டும் ஜொயினர், அல் லகுணவுக்கு முன்னால் போகும்.

கண்டி வாசகர்: பழைய சிங்களக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது.

எஃப்எம் அபய மாதிரியான எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அது யூனிகோடே இல்லை, நம் பாமினி போல. யூனிகோட் மாற்றி மென்பொருள் ஒன்றில் போடுங்கள். அந்த மாற்றி ஜொயினர் போடுகிறதா என்றும் பாருங்கள்.

மட்டக்களப்பு வாசகர்: இவ்வளவு தொல்லை எதற்கு? ரகாராங்சயவுக்கே தனிக் குறியீடு கொடுத்திருக்கலாமே. பர்மியத்தில் ஒட்டி வரும் ரகரத்துக்குக் கொடுத்தார்களே!

கொடுத்தார்கள், 2008இல், யூனிகோட் 5.1இல். அதற்கு முன் எழுதியதையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. சிங்களம் யூனிகோடில் ஏறியது 1999இல். இன்று புதுக் குறியீடு வந்தால் ஒரே சொல்லுக்கு உள்ளே இரண்டு வடிவம், தேடினால் பாதிதான் கிடைக்கும். பழையதை நீக்கவும் யூனிகோட் விதி இடம் தராது.

மீண்டும் அவரே: தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லையே?

இல்லையா? தமிழ் ‘ஸ்ரீ’ இரண்டு விதமாக இருக்கிறது. ‘ஶ’ யூனிகோடில் வந்தது 2005இல். அதுவரை எல்லோரும் ‘ஸ’ வைத்தே எழுதினோம். பிறகு ‘ஶ’ தான் சரி என்றார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு வேறு வேறு.

சென்னை வாசகர்: ‘ஸ’வே போதும். ‘ஶ’ யார் கேட்டது?

கேட்டவர்கள் இருந்தார்கள், கிரந்தச் சண்டையை இங்கே இறக்க வேண்டாம். தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுங்கள், சேமித்த கோப்பில் கை வைக்காதீர்கள்.

யாழ்ப்பாண வாசகர்: இணைய முகவரியில் சிங்கள ‘ஸ்ரீ’ வைக்கலாமா?

2003ஆம் ஆண்டு விதி ஜொயினரை அழித்துவிடும். 2010இல் வந்த விதி, அல் லகுண போன்ற குறிக்குப் பின்னால் அதை அனுமதிக்கிறது. ஆகவே பழைய மென்பொருள் ஒரு முகவரிக்கும் புதியது வேறொன்றுக்கும் போகலாம். வாங்குவதென்றால் இரண்டையும் வாங்குங்கள்.

நீர்கொழும்பு வாசகர்: எங்கள் படிவத்திலும் ஸ்ரீ உடைகிறது, எழுத்துரு மாற்றட்டுமா?

முதல் பதில்.

மாத்தறை வாசகர்: வேறு எழுத்துரு போட்டால்...

முதல் பதில்!

நிரலாளர் ஒருவர்: கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அனுமதித்தால் போலிப் பயனர் பெயர் வருமே?

நியாயமான பயம். இரண்டு சிங்கள மெய்களுக்கு நடுவே, அல் லகுணவை அடுத்து வரும் ஜொயினரை மட்டும் அனுமதியுங்கள். மற்ற இடத்தில் இருந்தால் பெயரை ஏற்காதீர்கள். பாளியில் பயனர் பெயர் கேட்டு ஒரு பிக்கு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.