நேரில் பழகாத ஒரு ரேடியோ வர்ணனையாளர் இறந்ததற்கு ரசிகர்கள் இவ்வளவு அழுவது மிகையில்லையா?

2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளராக இருந்த வின் ஸ்கல்லி இறந்தபோது அந்த அணியின் ரசிகர்கள் அழுததைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அழுதவன்தான். மிகை இல்லை.

94 வயது வரை நிறைவாக வாழ்ந்தவர்தானே என்று என் அலுவலகத்திலும் கேட்டார்கள். உண்மைதான். ஆனால் 1950இல், அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது தொடங்கி, 1958இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியபோது கூடவே வந்து, 2016 வரை 67 சீசன் ஒரே அணிக்குப் பேசியவர் அவர். இங்கே வந்த புதிதில் அணி ஆடிய கொலிசியம் மைதானம் மிகப் பெரியது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது. அதனால் மைதானத்துக்கே டிரான்சிஸ்டர் எடுத்துப் போய், கண்ணெதிரே நடப்பதை அவர் சொல்லக் கேட்டார்கள். அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்கும் அந்தக் குரலைப் பழக்கிவிட்டது.

நான் இந்த ஊருக்கு வந்தபோது கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். மாலை நெரிசலில் கார் நகராது, ரேடியோவில் ஸ்கல்லி. பொதுவாக வர்ணனை அறையில் இரண்டு பேர் இருப்பார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இவர் தனியாக உட்கார்ந்து கேட்பவரிடமே பேசுவார். பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஏன் அந்தப் பந்தைப் போட்டார் என்பதோடு, அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதும் வந்துவிடும். ஊரில் யாரையும் தெரியாத எனக்கு அந்தப் பேச்சு பெரிய துணை. பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். நான் கேட்ட காலத்தில் முதல் மூன்று இன்னிங்ஸ்தான் ரேடியோவில் அவர் குரல் வரும், அப்புறம் டிவிக்கு மட்டும். வீடு வந்த பிறகும் மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்வரை காரிலேயே இருப்பேன். "என்னங்க, கீழேயே உட்கார்ந்திருக்கீங்க?" என்று மனைவி போன் செய்வாள்.

தன் அணி ஆள் என்பதால் புகழ்கிறேன் என்று சிலர் சொல்லலாம். அவர் டாட்ஜர்ஸை "நாம்" என்று சொல்ல மாட்டார். எதிரணி நன்றாக ஆடினால் மனம் விட்டுப் பாராட்டுவார். 1974இல் அட்லாண்டா அணியின் கறுப்பின வீரர் ஹேங்க் ஆரன் டாட்ஜர்ஸுக்கு எதிராகவே 715ஆவது ஹோம் ரன் (கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி) அடித்து, பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, ஸ்கல்லி பேச்சை நிறுத்திக் கூட்டத்தின் ஆரவாரத்தை ஓடவிட்டார். பிறகுதான், அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கறுப்பின மனிதருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், எப்பேர்ப்பட்ட தருணம் இது என்று சொன்னார். சின்ன வயதில் வீட்டு ரேடியோப் பெட்டிக்கு அடியில் தலையணை போட்டுப் படுத்து, கூட்டத்தின் சத்தத்தை ரசித்துக் கேட்டவராம் அவர். எப்போது வாயை மூட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு வர்ணனை செய்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2014 முதல் டிவி உரிமையை வாங்கிய நிறுவனத்துக்கும் மற்ற கேபிள், டிஷ் நிறுவனங்களுக்கும் கட்டணத் தகராறு. அதனால் அவருடைய கடைசி மூன்று சீசன்கள் இந்தப் பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வரவில்லை. எங்கள் வீடும் அதில் ஒன்று. மாதாமாதம் பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது, ஸ்கல்லியைக் காணோம். கடைசி சில ஆட்டங்களைத்தான் சாதாரண சேனலில் காட்டினார்கள். கேட்டால் வியாபாரம் என்பார்கள். முதுமையில் அவரைக் கேட்கக் காத்திருந்த எத்தனையோ பெரியவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் இறந்த மறுநாள் மைதான வாசலுக்குப் போனேன். அந்தச் சாலைக்கே அவர் பெயர்தான். பூக்கள், மெழுகுவர்த்திகள், நீலத் தொப்பிகள். ஒரு பெரியவர், இறந்துபோன தன் அண்ணனோடு சேர்ந்து கேட்ட ஆட்டங்களைப் பற்றி யாரென்றே தெரியாத என்னிடம் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். பரம எதிரியான சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிகூட அவர் இறந்த இரவே தங்கள் மைதானத் திரையில் அவருக்கு அஞ்சலி செலுத்தியது.

1965 செப்டம்பர் 9 அன்று டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ் எதிரணியில் ஒருவரையும் முதல் பேஸைக்கூடத் தொடவிடாமல் முடித்த ஆட்டம், அதன் ஒன்பதாவது இன்னிங்ஸ் வர்ணனை இணையத்தில் கிடைக்கிறது. பேஸ்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதைக் கேட்டுவிட்டு இதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்.