கடைமடை உவர் களிமண்: ஜிப்சத்துக்கு முன்னால் மதகு

கேள்வி: தலைஞாயிறு பக்கம், சதுப்பை ஒட்டி எனக்கு 3 ஏக்கர் இருக்கிறது. கெட்டியான களிமண். ஐப்பசியில் நட்ட சம்பா நாற்று இருபது நாளில் நுனி கருகி, திட்டுத்திட்டாகச் செத்துவிட்டது. மார்கழி வரை தண்ணீர் வடியாமல் கிடக்கிறது. சித்திரையில் வெள்ளையாகப் பூத்து, கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிக்கிறது. தை கடைசியில் எடுத்த மண் பரிசோதனை அட்டையில் கார அமிலநிலை 8.2, மின்கடத்துத்திறன் 2.1 என்று போட்டிருக்கிறார்கள். உரக்கடையில் ஏக்கருக்கு 1 டன் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர் போர் போடச் சொல்கிறார். இன்னொருவர் இறால் குட்டைக்குக் குத்தகை கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: மூன்றையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். முதலில் அந்த அட்டையைப் பார்த்துவிடுவோம்.

2.1 என்ற எண்ணைப் பார்த்து, உப்பு கொஞ்சம்தான் என்று நினைத்திருப்பீர்கள். நம் பரிசோதனை நிலையங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணோடு இரண்டு, இரண்டரை பங்கு தண்ணீர் கலந்துதான் அளப்பார்கள். பயிரின் வேர் அப்படி நீர்த்த கரைசலில் நிற்பதில்லை. மண்ணைக் குழைத்துச் சேறாக்கி, அதிலிருந்து பிழிந்த நீரில் அளந்தால் களிமண்ணுக்கு இந்த எண் இரண்டு மூன்று மடங்கு வரும். அப்படிப் பார்த்தால் உங்கள் வயல் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. புத்தகங்களில் 4-ஐத் தாண்டினால் உவர் நிலம் என்று இருப்பது இந்தச் சேற்று அளவைத்தான். நெல்லுக்கு 3 வரை தொந்தரவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் போகும். 6 என்றால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இன்னொன்று, நீங்கள் மண் எடுத்தது தை மாதம். மழை கழுவிவிட்ட மண் அது. அதே இடத்தில் வைகாசியில் எடுத்திருந்தால் எண் வேறாக இருந்திருக்கும்.

உங்கள் மண் எப்படி உருவானது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஆறு கடலில் சேரும் இடத்தில் வேகம் செத்துவிடும். மணல் முன்னாலேயே தங்கிவிடும். மிக நுண்ணிய வண்டல் மட்டும் ஓதத் தண்ணீரோடு, அதாவது கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் தண்ணீரோடு போய்ச் சதுப்பில் படியும். அந்த வண்டல் கடல் உப்போடு சேர்ந்தே படிகிறது. ஆக, உப்பு பிறகு வந்து சேர்ந்ததல்ல, மண்ணோடு கூடப் பிறந்தது. இந்தக் களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நனைந்து ஊதிய பிறகு துளைகள் அடைபட்டு, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் தண்ணீர்தான் கீழே இறங்கும்.

நேரம் இருந்தால் வைகாசி கடைசியில் வயல் நடுவே மூன்றடிக் குழி ஒன்று வெட்டிப் பாருங்கள். மேலே பழுப்பு. ஒன்றரை, இரண்டடியில் பழைய வேர் ஓடிய தடமெல்லாம் துரு நிறத்தில் கோடு போட்டிருக்கும். அதற்குக் கீழே சாம்பல் அல்லது நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல், அழுகிய முட்டை நாற்றம். துருக்கோடு இருக்கும் இடம் வரை நிலத்தடி நீர் ஏறி இறங்குகிறது. சாம்பல் நிறத்துக்குக் கீழே காற்றே போவதில்லை. மறுநாள் காலை குழியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஐந்தடிக்குள் நின்றாலே உப்பு மேலே வரும். உங்கள் பக்கம் மூன்றடிக்குள் நின்றாலும் ஆச்சரியமில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மண் அந்த உப்புத் தண்ணீரை மேலே இழுக்கிறது. வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சித்திரையில் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொருக்கு அதுதான்.

நாற்று ஏன் திட்டுத்திட்டாகச் செத்தது? செத்த இடங்களில் போய் நின்று பாருங்கள். பெரும்பாலும் அவை வயலில் இரண்டு மூன்று அங்குலம் மேடான இடங்களாக இருக்கும். மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால் மேட்டில் தண்ணீர் வற்றி, சுற்றியிருக்கும் உப்பெல்லாம் அங்கே வந்து கூடும். பள்ளத்து நாற்று பிழைக்கும், மேட்டு நாற்று கருகும். நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், தூர் கட்டும்போதும் தாங்கும். நட்ட முதல் இருபது நாளும் பூக்கும் சமயமும்தான் அதற்கு ஆகாத காலம். உங்களுக்கு அந்த முதல் இருபது நாளில் அடி விழுந்திருக்கிறது. மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடியதைக் கவனித்திருப்பீர்கள். உப்புக் கரைசலிலிருந்து வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். இந்த நிலத்தில் உப்பை இறக்க உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல தண்ணீர் மழைதான். அதுவும் குறைவில்லை. உங்கள் கடற்கரையில் வடகிழக்குப் பருவத்தில் மட்டும் சராசரியாக 800 மி.மீட்டருக்கு மேல் பெய்கிறது. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போக வழி வேண்டும். வடிகாலின் வாய் திறந்து கிடந்தால் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் உப்பனாற்றுத் தண்ணீர் அதே வழியாக உள்ளே வருகிறது. வாயைத் தூர்த்து வைத்தால் மழைத் தண்ணீர் வெளியே போகாமல் கிடந்து, கரைந்த உப்பு தை மாதம் அங்கேயே காய்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையில் கடல் ஏறிய வயல்களில் உப்பைக் கழுவியது அடுத்து வந்த மழைதான். வரப்பு உயர்த்தி, தண்ணீர் தேக்கி, வடித்துவிட வசதி இருந்த வயல்கள் சீக்கிரம் தேறின.

ஆகவே முதல் செலவு வெளிவரப்புக்கும் மதகுக்கும். ஓதம் ஏறும்போது தானாகச் சாத்திக்கொண்டு, இறங்கும்போது உள்தண்ணீரின் அழுத்தத்தில் திறக்கும் பலகைக் கதவு ஒன்று குழாய் வாயில் போதும். தச்சுப் பட்டறையிலேயே செய்துவிடலாம். 3 ஏக்கருக்குத் தனியாகச் செய்வதைவிட, அதே வடிகாலில் இருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால்தான் பலன். உங்கள் வயலை மட்டும் அடைத்துவிட்டு, பக்கத்து வயலில் உப்புத் தண்ணீர் நின்றால் அது வரப்புக்கடியில் கசிந்து வரும்.

அடுத்தது கோடை உழவு. அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போதே மேலாக ஒரு சால் ஓட்டிவிடுங்கள். திரி அறுந்துவிடும், உப்பு மேலே ஏறுவது குறையும். வெடிப்பும் பெரிதாக விழாது. வெடிப்பு விழுந்த வயலில் முதல் மழை நேராக வெடிப்புக்குள் ஓடிப்போய் அடியில் நனைக்கும், வெடிப்பு மூடிக்கொள்ளும், கட்டிக்குள் இருக்கும் உப்பு அசையாது. நல்ல மழை பெய்தும் உப்பு குறையவில்லை என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம்.

புரட்டாசி மழை தொடங்கியதும் வயலைச் சமப்படுத்தி, மேடுகளைத் தட்டி, நான்கு அங்குலம் தண்ணீர் தேக்கி உழுங்கள். இரண்டு மூன்று நாள் நிற்கட்டும். ஓதம் இறங்கும் நேரம் பார்த்து வடித்துவிடுங்கள். இப்படி மூன்று தடவை. ஓரடி மண் வழியாக ஓரடித் தண்ணீர் இறங்கினால் முக்கால் பங்குக்கு மேல் உப்பு போகும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் உங்கள் களியில் நாளைக்கு மூன்று மி.மீ. இறங்கினால் அதற்கு நூறு நாள் ஆகும். அதனால்தான் உழுது கரைத்து மேலாக வடிக்கச் சொல்கிறேன்.

ஜிப்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மொழியில் உவர், களர் என்று இரண்டு சொல் இருக்கிறது. உவரில் கரையும் உப்பு அதிகம். களரில் சோடியம் களித்துகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடல் உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்பதால் உங்கள் மண்ணில் இரண்டும் கலந்திருக்கலாம். உப்பு நிறைய இருக்கும்வரை களி திரண்டு நிற்கும், கார அமிலநிலையும் 8.5-க்குள் அடங்கியிருக்கும். உப்பைக் கழுவிய பிறகுதான் சோடியம் வேலையைக் காட்டும். களி கூழாகக் கரைந்து, துளை மொத்தமும் அடைத்துக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மழைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மண் சீக்கிரம் படிந்து தண்ணீர் தெளிந்தால் உப்பு அதிகம். அந்தத் தெளிவை இறுத்துவிட்டு, புதிதாக மழைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யுங்கள். கடைசியில் மறுநாளும் தெளியாமல் கலங்கியே நின்றால் சோடியம் இருக்கிறது, அதைக் களியிலிருந்து விலக்க ஜிப்சம் தேவை. கடைசிவரை தெளிந்தால் அந்தப் பணம் மிச்சம். தேவைப்பட்டால் இரண்டு தடவை வடித்த பிறகு ஜிப்சத்தைத் தூவி, மேல்மண்ணில் கலந்து, பத்து நாள் தண்ணீர் நிறுத்தி, அப்புறம் வடியுங்கள். போட்ட மறுநாளே வடித்தால் ஜிப்சம் உப்பனாற்றுக்குத்தான் போகும். 1 டன் என்பது கடைக்காரர் கணக்கு. உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

பயிருக்கு வருவோம். 30, 35 நாள் ஆன முதிர்ந்த நாற்றாக எடுத்து, குத்துக்கு நான்கு நடுங்கள். நாற்றங்காலை உப்பில்லாத மேட்டில் வையுங்கள். திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் முக்கியமாகக் களருக்காக வந்தவை. உங்களுக்கு கோ 43 பொருந்தும். நேரடி விதைப்பு என்றால் குழியடிச்சானை ஒரு அரை ஏக்கரில் போட்டுப் பாருங்கள். உவரைத் தாங்கும் பழைய ரகம். கடைசி உழவில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் கட்டாயம். தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் வசதி இருக்கும் ஆண்டில் தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுவது இந்த மண்ணுக்கு மிக நல்லது. நெல்லுக்குப் பின் உளுந்து வேண்டாம். உளுந்து உப்பு தாங்காது, மாசியில் உப்பு ஏறும்போது முளைத்த செடி கருகும்.

போர் போடாதீர்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்புத் தண்ணீர் 40 அடி வரை மேலே வரும் என்பது கணக்கு. உங்கள் சதுப்போரக் களியில் அந்த நல்ல தண்ணீரும் இருப்பது சந்தேகம். அதற்குப் பதில் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் குட்டை வெட்டி மழைநீரைப் பிடித்து, வெட்டிய மண்ணால் மற்ற இடத்தை உயர்த்தலாம். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் கேனிங் டவுன் உவர்மண் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. இரண்டு எச்சரிக்கை. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் அதையே மேலே பரப்புங்கள். அப்புறம், அந்தச் சாம்பல் மண்ணில் ஒரு பிடியைப் பையில் போட்டு, ஈரம் காயாமல், காற்று படும்படி இரண்டு மாதம் வைத்து கார அமிலநிலை பாருங்கள். 4-க்குக் கீழே இறங்கினால் ஆழமாக வெட்டக் கூடாது. காற்றுப் பட்டதும் கந்தகம் அமிலமாக மாறும் மண் அது. கேரளத்தில் குட்டநாட்டின் கரி நிலங்களில் இந்தத் தொல்லை பெரிது.

இறால் குத்தகை உங்கள் விருப்பம் என்று சொல்ல மனம் வரவில்லை. விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பதிவும் தேவை. எர்ணாகுளம் பக்கம் பொக்காளி வயல்களில் நெல்லும் இறாலும் மாறி மாறி வருகிறதே என்று கேட்பீர்கள். அங்கே ஜூன் மழை உப்பைக் கழுவிய பிறகுதான் நெல் வளர்கிறது, வயலின் மதகும் ஓதத்தோடு சேர்ந்து இயங்குகிறது. ஆண்டு முழுக்க உப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குட்டை வேறு கதை. குத்தகை முடிந்து நிலம் திரும்பி வரும்போது களி முழுக்கச் சோடியம் ஏறியிருக்கும்.

வைகாசி கடைசியில் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, குழியின் இரண்டடி ஆழத்தில் ஒன்று என மூன்று மாதிரி எடுத்து, நாகை அருகே சிக்கல் ஊரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துக் கொடுங்கள். சேற்றுப் பிழிநீரில் மின்கடத்துத்திறனும், ஜிப்சம் தேவையும் பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். அந்த எண்களோடு பாட்டில் சோதனையில் என்ன கண்டீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஜிப்சம் எத்தனை மூட்டை என்று அப்போது சொல்கிறேன். அதற்குள் வடிகால் கூட்டாளிகளிடம் கதவு விஷயத்தைப் பேசி வையுங்கள்.