டாக்டரிடம் கேளுங்கள்: கால் விரலுக்கு ரத்தம் போகிறதா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 58 வயது, காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. சுகர் வந்து 14 வருஷம். பூட்ஸ் உரசிக் கால் கட்டைவிரலில் வந்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. லேபில் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டிப் பார்த்து 1.45 என்று எழுதிக்கொடுத்தார்கள், "ஒண்ணுக்கு மேல இருக்கு, சூப்பர்" என்றார் டெஸ்ட் எடுத்தவர். இப்போது எங்கள் டாக்டர் விரலுக்குத் தனியாக இரண்டு டெஸ்ட் எழுதியிருக்கிறார். தேவைதானா? கொரோனா நேரத்தில் வாங்கின ஆக்ஸிமீட்டரைக் கால் விரலில் மாட்டினால் 97 காட்டுகிறதே? ஊசி போடுவார்களோ என்று அப்பா வேறு பயப்படுகிறார்.
- மகள், காசிமேடு

பதில்: ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை, காலை நீட்டிப் படுத்திருந்தால் போதும் என்று அப்பாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

அந்த 1.45-ஐப் பார்த்துத்தான் உங்கள் டாக்டர் உஷாராகியிருப்பார். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து வரும் கணக்கு அது. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு, 1.4-ஐத் தாண்டினாலும் கோளாறுதான், இதைத்தான் லேபில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பல வருஷம் சுகர் இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து விறைத்துப்போகும். தண்ணி லாரி டியூபை மிதித்தால் தண்ணீர் நிற்கும், அடிபம்பு இரும்புக் குழாயை மிதித்தால் நிற்குமா? பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்காது, மெஷின் பாட்டுக்கு பிரஷரை ஏற்றிக் காட்டும்.

விரலில் உள்ள குழாய்கள் பெரும்பாலும் அந்த அளவுக்கு விறைப்பதில்லை. அதனால் கட்டைவிரலில் மோதிரம் மாதிரி சின்னப் பட்டை சுற்றி, நுனியில் ஒளி சென்சார் வைத்து விரலின் பிரஷரைப் பார்ப்பார்கள். அந்த பிரஷர் 30-க்குக் கீழே வந்தால் புண் தானாக ஆறுவது கஷ்டம், ரத்தக்குழாய் நிபுணரைப் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது டெஸ்ட்தான் நுண்குழாய்களின், அதாவது மிகச் சின்ன ரத்தக்குழாய்களின் சங்கதி. அவை 5 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம்தான், சிவப்பணுவே 7, 8 மைக்ரான் இருப்பதால் சந்தில் போவதுபோல் ஒவ்வொன்றாக நசுங்கித்தான் போகும். பாதத்தில் பொத்தான் அளவு சென்சாரை ஒட்டி, தோலை 44 டிகிரி வரை சூடாக்கி, அங்கே கசிகிற ஆக்ஸிஜனை அளப்பார்கள். இருபது நிமிஷம் ஆகும், அப்புறம் அந்த இடம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், பயப்பட வேண்டாம். ஐஸில் நின்றுவிட்டு நேராகப் போகாதீர்கள், குளிரில் குழாய் சுருங்கிவிடும். போகிற வழியில் டீயும் பீடியும் வேண்டாம்.

ஆக்ஸிமீட்டர் சமாசாரம்: குடத்தில் இருக்கிற தண்ணீர் நல்லதா என்று அது சொல்லும், எத்தனை குடம் வந்தது, அதாவது விரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று சொல்லாது. 97-ஐ நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். விரல் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நடுராத்திரி ஆனாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள், பக்கம்தானே.

கேள்வி: மீன் பெட்டியில் கை வைத்தால் என் விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவக்கின்றன. டாக்டர் நகக்கண்ணில் எண்ணெய் விட்டு லென்ஸில் பார்த்தார். மை போட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது!
- வாசகி, ராயபுரம்

பதில்: மை இல்லை அம்மா, நல்ல பரிசோதனைதான். மற்ற இடங்களில் நுண்குழாய்கள் தோலுக்குள் செங்குத்தாக நிற்கும், நக ஓரத்தில் மட்டும் படுத்திருப்பதால் கொண்டை ஊசி வளைவு மாதிரி முழுசாகத் தெரியும். எண்ணெய் விட்டால் வெளிச்சம் சிதறாது. வளைவுகள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் வெறும் குளிருக்கு விரல் குழாய்கள் சுருங்குவதுதான், கையுறை போதும். வீங்கியோ, நடுவில் காணாமலோ இருந்தால் தோல் இறுகும் நோய்க்கு ரத்தப் பரிசோதனை எழுதுவார், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.