நைஸ் தூள் கேட்காதீர்கள்: காபி கேள்வி-பதில்

ராத்திரி ஃபில்டரில் போட்டால் காலையில் பாதித் தண்ணீர் மேலேயே நிற்கிறது. இறங்கியதும் ஒரே கசப்பு. கடைக்காரர் பழைய கொட்டையைத் தந்துவிட்டாரா? (மயிலாப்பூர் வாசகி)

கொட்டையைக் குறை சொல்லுமுன், கடையில் என்ன சொல்லி அரைத்து வாங்கினீர்கள் என்று யோசியுங்கள். "நல்லா நைஸா அரைச்சுக் கொடுங்க" என்றுதானே? எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் விடுவதில்லை.

மாவாக அரைத்த தூள் ஈரம் பட்டதும் சேறுபோல இறுகி ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மணிக்கணக்கில் தூளோடு ஊறிக் கிடக்கும். காபியிலிருந்து முதலில் இறங்குவது புளிப்பும் மணமும். அப்புறம் இனிப்பு. கசப்பும் துவர்ப்பும் கடைசியில்தான் வரும். தூள் நுணுக நுணுகத் தண்ணீர் தொடும் பரப்பு கூடுவதால், அந்தக் கடைசிக் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. நைஸாக அரைத்தால் டிகாக்ஷன் கெட்டியாகும் என்கிறார்கள். கெட்டி வேண்டுமானால் தூளை ஒரு ஸ்பூன் கூட்டுங்கள். எஸ்பிரெஸோவுக்கு நைஸ் தூள் போடுகிறார்களே என்பீர்கள். அங்கே மெஷின் 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கில், தண்ணீரைத் தள்ளி, அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். நம் ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால்தான் இறங்க வேண்டும்.

தூளை வாங்கும்போதே ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மைதாபோல வழுக்கினால் ஃபில்டருக்கு ஆகாது. தூள் உப்புபோல லேசாக நறநறக்க வேண்டும். தட்டை வைத்துத் தூளை ஓங்கி அமுக்கவும் வேண்டாம். மட்டமாக்கினால் போதும்.

டிகாக்ஷன் தண்ணியாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர், என்ன கலவை, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? ஐந்தே நிமிடத்தில் இறங்கி, லேசாகப் புளிக்கவும் செய்தால் தூள் கொரகொரப்பு அதிகம். அடுத்த முறை ஒரு படி நுணுக்கி வாங்குங்கள்.

மிக்ஸியில் அரைக்கலாமா?

அவசரத்துக்கு மட்டும். பிளேடு கொட்டையை வெட்டித்தான் போடும். பாதி மாவாகும், பாதி நொய்யாக நிற்கும். மாவு கசப்பைத் தரும், நொய் புளிப்பைத் தரும், இரண்டும் ஒரே டம்ளரில். விட்டு விட்டு ஐந்தைந்து விநாடி ஓட்டி, நடுவில் ஜாரைக் குலுக்கி, சலித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மணம் போய்விடும். மிளகாய் அரைத்த ஜார் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் மேஜை விளிம்பில் திருகிப் பொருத்தும் இரும்புக் கை மெஷின் இருந்தது. அம்மா தினமும் விடியற்காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பாள். கீழே இருக்கும் சின்ன டப்பாவில் சூடேறாத தூள், ஒரே சீராக விழும். இன்றைக்கும் வாங்குவதென்றால் அந்த மாதிரிப் பல் வைத்த கிரைண்டரைத்தான் சொல்வேன்.

மாதத்துக்கு ஒரு கிலோ மொத்தமாக அரைத்து வைக்கிறோம். சரிதானே?

சரியில்லை. அரைத்த நிமிடத்திலிருந்தே மணம் பறக்க ஆரம்பிக்கும். கால் கிலோ வாங்குங்கள், தீர்ந்ததும் மறுபடி போங்கள்.

தூளை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது. திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் கோக்கும். பக்கத்தில் இருக்கும் சாம்பார் வாசனையும் ஏறும்.

சிக்கரி சேர்த்தால் அரைப்பை மாற்ற வேண்டுமா? (கும்பகோணம்)

நல்ல கேள்வி. ஆம். சிக்கரி தண்ணீரில் ஊதி, இறங்குவதைத் தாமதமாக்கும். 30, 40 சதவீதம் போடுகிறவர்கள் காபியைக் கொஞ்சம் பெரும்பொடியாகக் கேளுங்கள். சிக்கரியே வேண்டாம் என்பவர்கள் சற்று நுணுக்கலாம், ஆனால் மறுபடியும் சொல்கிறேன், மாவாக வேண்டாம். பாக்கெட் வாங்கினால் விகிதத்தைப் படியுங்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

மகன் பிரெஞ்ச் பிரஸ் வாங்கித் தந்தான். ஃபில்டர் தூளையே போடலாமா?

பிரெஞ்ச் பிரஸ் என்பது தூளை வெந்நீரில் ஊறவிட்டு, வலைத் தட்டால் அமுக்கி வடிக்கும் ஜாடி. ஃபில்டர் தூளைப் போட்டால் டம்ளர் அடியில் வண்டல் தங்கும். ரவைக்கும் பெரிதாகத் தனியாக அரைத்து வாங்குங்கள், நாலு நிமிடம் ஊறவிடுங்கள்.