கெம்பஸ் படிப்புக்கு நேரம் எங்கே? கேள்விகளும் பதில்களும்

கொட்டகலை, முதலாம் வருடம்: அக்கா, ஒரு பாடத்துக்கு வாரம் எத்தனை மணித்தியாலம் படிக்கணும்?

தம்பி, இது நிறையப் பேர் கேட்காமலே விடுற கேள்வி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் காட்டுற அலகு) 50 மணித்தியால உழைப்பு. அதில லெக்சர் 15தான். மூணு கிரெடிட் பாடமென்றால் மொத்தம் 150, லெக்சர் 45. மிச்ச 105 மணித்தியாலமும் உங்க பொறுப்பு. 15 வார செமஸ்டருக்குப் பிரிச்சா வாரத்துக்கு 7. ஒப்படை, நூலகம், மீட்டல் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். ஏ.எல். காலத்தில டியூஷன் சேர் இந்தக் கணக்கை உங்களுக்காகப் போட்டார். இங்க லெக்சர் இல்லாத மத்தியானம் லீவு மாதிரித் தெரியும். உண்மையில அந்த 105 மணித்தியாலம் அங்கதான் கிடக்கு.

தலவாக்கலை: நோட்ஸை நாலு தரம் வாசிச்சும் சோதனையில மறந்துடுது.

வாசிச்சதாலதான் தங்கச்சி. நோட்ஸை மூடிட்டு, வெறும் தாளில நினைவிருக்கிறதை எழுதுங்க. அப்புறம் திறந்து விட்டுப்போனதை மட்டும் பாருங்க. ரோடிகர், கார்பிக் என்ற ரெண்டு உளவியலாளர்கள் 2006இல வெளியிட்ட ஆய்வில, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ திரும்பத் திரும்ப வாசிச்சவங்கதான் முன்னுக்கு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ மூடி வச்சு நினைவுபடுத்தினவங்க முந்திட்டாங்க. முதல் நாள் ராத்திரி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்து பிறகு கைவிடுறதும் இதனாலதான்.

பதுளை: ஏ.எல். தமிழ் மீடியம். இங்க எல்லாம் இங்கிலிஷ். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகுது.

முதல் செமஸ்டரில அப்படித்தான் போகும், அதையும் கணக்கில சேர்த்தே நேரம் ஒதுக்குங்க. விளங்கிக்கொள்றதைத் தமிழில செய்யலாம், கூடப் படிக்கிறவங்களோட தமிழிலயே பேசுங்க. ஆனா மூடி வச்சு எழுதுறதை இங்கிலிஷில எழுதுங்க, ஏனென்றால் சோதனை அதில. பாடச் சொற்களுக்கு ஒரு தனிக் கொப்பி வைங்க.

ஹட்டன்: டைம்டேபிள் ஒண்ணு போட்டுத் தாங்க அக்கா.

கொட்டகலைத் தம்பிக்குச் சொன்ன கணக்கைப் பாருங்க.

நானுஓயா: எனக்கும் ஒரு டைம்டேபிள்...

மேல பாருங்க. உங்க லெக்சர் நேரம் எனக்குத் தெரியாது, நீங்கதான் போடணும். நோட்ஸை மூடி எழுதுறதுக்கும் அதில இடம் விடுங்க.

மஸ்கெலியா: விடிய நாலு மணிக்குப் படிச்சாத்தான் ஏறும். ராத்திரி முழிக்கிறது சோம்பேறிகள் வேலை.

பொகவந்தலாவை: அண்ணே, எங்க தோட்டத்து லயத்து வீட்டில ராத்திரி பத்துக்குப் பிறகுதான் டீவி நிக்கும். விடிய அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகணும். தண்ணி பிடிக்கிறதும் தம்பிமாரை ஸ்கூலுக்கு அனுப்புறதும் நான்தான். நாலு மணி யாருக்கு மிச்சம்?

மஸ்கெலியா: மனசிருந்தா எழும்பலாம்.

தம்பி, நீங்க எழும்பும்போது அடுப்பு மூட்டுறது யார்? அதைச் சொல்லிட்டு மனசைப் பத்திப் பேசுங்க. நாலு மணியோ பத்து மணியோ, ஏழு மணித்தியாலம் தூங்கி, தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்தா ரெண்டும் சரிதான். தூக்கத்தை வெட்டினா படிச்சது நிக்காது. பொகவந்தலாவைத் தங்கச்சி, ஸ்டடி லீவுக்கு வீட்டுக்கு வந்தா ஒரு நேர வேலையையாவது தம்பிமார்கிட்ட ஒப்படைங்க. அம்மாகிட்ட சோதனைத் திகதியைச் சொல்லியே கேளுங்க. நம்ம தோட்டங்களில படிக்கிற பொண்ணுங்களுக்கு நேரம் போற இடம் அதுதான், எந்த டைம்டேபிளும் அதை மாத்தாது. முடியாட்டி, லீவிலயும் ஹொஸ்டலில நிக்க அனுமதி கேளுங்க.

மஸ்கெலியா: அடுப்பு மூட்டுறது எங்க வீட்டு அக்காதான். சரி, தண்ணியை நான் பிடிக்கிறேன்.

நாளைக்கே தொடங்குங்க.

பண்டாரவளை: 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் ஓய்வு, சரியா?

சரி. கணக்குப் பாடத்துக்கு 50 நிமிஷமாக்குங்க. போன் வேற அறையில இருக்கட்டும்.

வெலிமடை: படிக்க உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்குது, ரெண்டு கிழமையா தூக்கமில்ல.

இதுக்கு நேரக் கணக்கு மருந்தில்ல. இந்தக் கிழமையே கெம்பஸ் மாணவர் ஆலோசகரையோ மருத்துவ நிலையத்தையோ போய்ப் பாருங்க.

ராகலை: டைம்டேபிள்...

மேல இருக்கு.