கொடுமுடியின் ராஜபார்ட்

கேள்வி: சென்ற இதழில் கே.பி. சுந்தராம்பாளை 'கொங்கு மண் தந்த மாபெரும் நடிகை' என்று எழுதியிருந்தீர்கள். பாடகி என்றால் ஒப்புக்கொள்ளலாம். திரையில் நின்ற இடத்தில் நின்று பாடியதைத் தவிர அவர் என்ன நடித்துவிட்டார்? அவருடைய கணவர், நாடக நடிகர் கிட்டப்பாவின் பெயர் இல்லாவிட்டால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்? ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஊர்ப்பாசம் எனக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எழுத வைத்தது பாசம் அல்ல. பாட்டு வேறு, நடிப்பு வேறு என்று நீங்கள் போடும் கோடு, ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் வழக்கம் சினிமாவில் வேரூன்றிய பிறகு விழுந்த கோடு. அதற்கு வெகுகாலம் முன்பே தொழில் கற்று, மேடையில் பெயர் எடுத்துவிட்ட ஒருவரை அந்தக் கோட்டால் அளப்பது, நெல் அளக்கும் படியைக் கொண்டு துணியை அளப்பது போலாகும்.

அவர் பழகிய மேடை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த நாடகப் பாடல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் நடிகர்கள், ஸ்பெஷல் நாடகம் என்ற முறையில், ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல், அன்றிரவு கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். ஒலிபெருக்கி வராத காலம். படுதாவுக்குப் பின்னால் நின்றே பாட்டைத் தொடங்கி, பாடிக்கொண்டே மேடைக்கு வர வேண்டும். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே, வருவது ராஜாவா, குறத்தியா, பிச்சைக்காரனா என்பதைக் குரல் கடைசி வரிசைக்குச் சொல்லியாக வேண்டும். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் மணிக்கணக்கில் நீளும். எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்த ராகத்துக்குத் தாவுவார் என்பது தெரியாது. அவர் விட்ட இடத்தில் பிடித்து, பாட்டிலேயே கேலி செய்து, பாட்டிலேயே கோபித்து, பாட்டிலேயே மனம் இளக வேண்டும். இது நடிப்பு இல்லை என்றால் வேறு எதை நடிப்பு என்பது?

சிறுவனாக இருந்தபோது, காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் மாரியம்மன் நோம்பிக்கு நடந்த வள்ளி திருமணத்தை அம்மாவைப் பெற்ற என் அப்புச்சியோடு மணலில் உட்கார்ந்து பார்த்தேன். நடுச்சாமப் பனியில், தர்க்கம் உச்சத்தில் இருக்கும்போது, வள்ளி வேடம் கட்டிய அம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. கோபித்துக்கொண்டவர் போல எங்களுக்கு முதுகைக் காட்டி ஆர்மோனியக்காரர் பக்கம் இரண்டு அடி நடந்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, உடைந்த அதே குரலில் அடுத்த அடியை இழுத்தார். வள்ளி அழுகிறாள் என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "தொண்டை கட்டுனதையும் வேசத்துக்குள்ள போட்டுக்கிட்டா பாத்தியா கண்ணு" என்றார் அப்புச்சி. சுந்தராம்பாளின் நாடகத்தை நேரில் பார்த்தவர் அவர். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

சுந்தராம்பாள் 1908-இல் கொடுமுடியில் பிறந்தார். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய ஊர் அது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் ரயில் நின்று போகும் ஊரும் அதுதான். வறுமையின் காரணமாக அந்தச் சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கினார் என்பதும், குரலைக் கேட்டவர்கள் அவரை வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார்கள் என்பதும் நீங்கள் அறிந்தவையே. அவர் முதலில் ஏற்றது நல்லதங்காள் நாடகத்தில் ஓர் ஆண் பிள்ளையின் வேடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நல்லதங்காளின் பிள்ளைகள் பசியில் துடிப்பவர்கள். அதை அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

ஆண் வேடம் அவருக்கு அதோடு முடிந்துவிடவில்லை. 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் கதாநாயகனாகவே, நாடகக்காரர்கள் சொல்வது போல ராஜபார்ட்டாகவே, அவர் நடித்தார். அதற்கு அவருக்குத் தரப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். எதிரில் வேதியராக நின்றவர், கர்நாடக சங்கீத உலகில் கொடி கட்டிப் பறந்த மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பண்ணையாளாகக் கைகட்டி நின்று, தில்லைக்குப் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சி, இறுதியில் அந்த வேதியரே வணங்கும் நிலைக்கு உயரும் ஆணாக ஒரு பெண் தோன்றி, அந்த வித்வானுக்குச் சமமாகப் பாடவும் வேண்டும் என்றால், குரல் மட்டும் போதுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் சொல்வதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். கேமராவுக்கு முன்னால் அவருடைய அசைவுகள் குறைவு. முகத்தைச் சட்டென்று மாற்றிக்காட்டும் வித்தை அவரிடம் இல்லை. தூரத்தில் இருப்பவனுக்காக நடிக்கப் பழகிய உடம்பு, அருகில் வந்த கருவிக்கு முழுதாக இசைந்து கொடுக்கவில்லை. ஆனால் அசைவில்லாமல் நிற்பதே சரியாகப் பொருந்தும் பாத்திரங்களை அவர் தேடிக்கொண்டார் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை.

கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி வேறு. மேடையே வேண்டாம் என்று கொடுமுடியில் ஒடுங்கிக் கிடந்தவரை மறுபடியும் வெளியே அழைத்து வந்ததில் காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்திக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் காலத்து நடிகை ஒருவர் ஜோடி சேர மாட்டேன் என்று சொன்னால், தொழிலை விட்டுவிட்டேன் என்று சொன்னதாகவே பொருள். காதலி, மனைவி என்ற இரண்டையும் விலக்கிவிட்டால் கதாநாயகிக்கு என்ன மிஞ்சும்? மிஞ்சியதைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1940-இல் மணிமேகலை. 1953-இல், ஜெமினி தயாரிப்பில், ஔவையார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1973-இல் காரைக்கால் அம்மையார். நால்வரும் ஆண் துணையின்றித் தனித்து நடந்தவர்கள். தமிழ் மரபு யாருடைய சொல்லுக்குத் தலைவணங்குகிறதோ அந்தப் பெண்கள். சங்கப் பாட்டிலும் காப்பியத்திலும் பெரியபுராணத்திலும் சிதறிக் கிடந்த துறவுப் பெண்களை ஒரே உடம்பில் வரிசையாக நிறுத்திக்காட்டிய வேறு நடிகையை எனக்குத் தெரியாது. 'ஔவையார்' படத்துக்கும் 'பூம்புகார்' படத்துக்கும் நடுவே 11 ஆண்டுகள் அவர் திரைப்பக்கமே வரவில்லை. வாய்ப்புக்காக எதையும் ஏற்பவர் அப்படிக் காத்திருக்க மாட்டார்.

அந்த வரிசையில் இரண்டை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, கவுந்தியாக அவர் பாடும் 'வாழ்க்கை எனும் ஓடம்'. இன்னொன்று, 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில், கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட பாலமுருகனிடம் மறுபடியும் ஔவையாக வந்து பாடும் 'பழம் நீயப்பா'. கவுந்தி சமணத் துறவி. அவர் குரலில் ஆறுதல் இருக்கிறது, ஆனால் ஒட்டுதல் இல்லை. கரையில் நின்று ஓடத்தைப் பார்ப்பவரின் நிதானத்தோடு ஒவ்வொரு சொல்லும் விழுகிறது. ஔவையின் குரல் அப்படியில்லை. வீம்பு பிடித்த பேரனை 'அப்புனு, சாமி' என்று நம் கிழவிகள் தாங்குவார்களே, அந்தத் தாங்கல் 'அப்பா' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முதலில் கொஞ்சலாக வரும் சொல், உச்சத்துக்கு ஏறும்போது கெஞ்சலாகவும், அதையும் தாண்டி ஒரு பக்தையின் கதறலாகவும் மாறுகிறது. கையில் கோல், நெற்றியில் நீறு, காலடி பெயராத நிற்பு. தொண்டை ஒன்றுதான், பெண்கள் இருவர். ஓராண்டு இடைவெளியில் அதைச் செய்தபோது அவருக்கு வயது 55, 56.

'துணைவன்' படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. கோயமுத்தூர்க்காரரான சின்னப்பா தேவர் எடுத்த படம் அது. அந்த விருதே அவரைப் பாடகி என்ற கூண்டுக்குள் நிறுத்திவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு. தனக்குத் தானே பாடி நடித்தவருக்கு 'பின்னணி' என்ற சொல் எவ்வளவு பொருந்தாது என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி, கிட்டப்பா. அவருடைய மேதைமையைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். இசைத்தட்டுகளில் இன்றும் அந்தக் குரலைக் கேட்டுச் சிலிர்ப்பவன் நான். ஆனால் 1926 வாக்கில் இலங்கையில் இருவரும் சந்தித்தபோது, சுந்தராம்பாள் அங்கே கூட்டம் சேர்க்கும் நடிகையாக ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார். மறு ஆண்டு மணம். அதன் பின் ஆறு ஆண்டுகள், அவற்றிலும் பிரிவும் கண்ணீரும் மிகுதி. 1980 செப்டம்பரில் மறையும் வரை அவர் தனியாக வாழ்ந்த ஆண்டுகள் 47-க்குச் சற்றே குறைவு. கிட்டப்பா பேசும் படம் எதிலும் நடித்ததில்லை. சுந்தராம்பாள் நடித்த படங்களோ, முதல் படமான 'நந்தனார்' தொடங்கி ஒவ்வொன்றும், கிட்டப்பா இறந்த பிறகு வந்தவை.