பெட்டிக்குள் 16 பக்கக் கையேடு: 180 வெள்ளி திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். டவுனில் ஆபிஸ் வேலை கேட்டுப் போனால் டேட்டாபேஸ் தெரியுமா என்கிறார்கள். கம்ப்யூட்டர் கடையில், 'நீங்களே கற்கலாம், முழு வழிகாட்டி உள்ளே' என்று அட்டையில் போட்டிருந்த பெட்டியை 180 வெள்ளிக்கு வாங்கினேன். உள்ளே ஒரு பென்டிரைவ், 16 பக்கப் புத்தகம். அதில் உள்ளபடி கட்டளையைத் தட்டி எண்டர் அடித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்து முறை அடித்தேன். வரி முனையில் இருந்த =# என்ற குறி -# ஆனதுதான் மிச்சம். இன்னொரு நாள் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டால் பிழை என்றது. கடைக்காரர், "பழகினால் வரும், வேண்டுமானால் 250 வெள்ளிக்கு வகுப்பு எடுக்கிறேன்" என்கிறார். என் மண்டையில்தான் ஏறவில்லையா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மண்டையில் ஒரு குறையும் இல்லை. குறை அந்த 16 பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் குறியை வைத்துப் பார்த்தால் பென்டிரைவில் இருப்பது போஸ்ட்கிரெஸ், அதாவது விவரங்களை அட்டவணைகளாகச் சேர்த்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் மென்பொருள். கட்டளையின் கடைசியில் அரைப்புள்ளி ( ; ) போடும் வரை அது காத்துக்கொண்டே இருக்கும். -# என்றால், 'இன்னும் முடியவில்லை, மேலே சொல்' என்று பொருள். ஐந்து முறை அடித்ததும் ஒரே நீளக் கட்டளையாகச் சேர்ந்திருக்கும். ஓர் அரைப்புள்ளியைத் தட்டி எண்டர் அடியுங்கள். பிழை என்று கத்தும், கத்தட்டும். =# திரும்பியதும் கட்டளையைப் புதிதாக, அரைப்புள்ளியோடு அடியுங்கள். இதை முதல் பக்கத்தில் எழுத இரண்டு வரி போதும். அது இல்லாமல் நீங்கள் எத்தனை ராத்திரி உட்கார்ந்தீர்களோ என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஐசி விஷயமும் இப்படித்தான். அட்டவணையில் ஐசிக்கான கட்டத்தை 'இன்டிஜர்' என்ற முழு எண் வகையாக வைத்திருப்பீர்கள். அந்த வகை 2,147,483,647 வரைதான் தாங்கும். அது 10 இலக்கம், ஐசி எண்ணோ 12 இலக்கம். கைப்பேசி எண்ணை அந்த வகையில் போட்டால் முன்னால் உள்ள சுழியம் சத்தமில்லாமல் காணாமல் போகும். கூட்டிக் கழிக்காத எண்களை எல்லாம் 'டெக்ஸ்ட்' என்ற எழுத்து வகையில் வையுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் மென்பொருள். அதைப் பெட்டியில் போட்டு விற்பதும் குற்றமில்லை. ஆகவே 'இலவசப் பொருளை விற்றுவிட்டார்' என்று சண்டைக்குப் போகாதீர்கள், அதில் தோற்றுவிடுவீர்கள். நீங்கள் 180 வெள்ளி கொடுத்தது அந்த 'முழு வழிகாட்டி'க்கு. அட்டையில் சொன்னதும் உள்ளே இருப்பதும் பொருந்த வேண்டும் என்பது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அட்டையையும் 16 பக்கத்தையும் படம் எடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம், அதாவது எல்லாரும் திரிபியூனல் என்று சொல்வது. மனுவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான் இந்தச் சட்டம். ஏதாவது கடை, கம்பெனி பெயரில் எழுதியிருந்தால் சிக்கல்.

250 வெள்ளி வகுப்புக்குப் போக வேண்டாம். அரைகுறைப் புத்தகத்தை விற்றவருக்கே மறுபடி எதற்குக் கொடுக்க வேண்டும்?

போஸ்ட்கிரெஸ் குழுவின் சொந்தக் கையேடு இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில்தான், ஆனால் முதல் பகுதியே புதியவர்களுக்கான பாடம். அரைப்புள்ளி விஷயமும் அங்கே இருக்கிறது. அதில் ஊர்களின் வானிலையை உதாரணமாக எடுத்துப் போகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டை, வைத்துப் பாருங்கள். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, பெயர் கூப்பிடுகிறாரே, அந்தப் பெயர்களையும் ஆள் நம்பரையும் ஓர் அட்டவணையில் வையுங்கள். அன்றன்று வந்தவர்களை இன்னோர் அட்டவணையில் ஆள் நம்பரை மட்டும் போட்டு எழுதுங்கள். முனியம்மா என்ற பெயரை மாதத்தில் 26 தடவை எழுத வேண்டியதில்லை. நம்பர் இரண்டையும் கோத்துவிடும். டேட்டாபேஸில் பாதி இதுதான், இதை அந்தக் கிராணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

அப்புறம், போஸ்ட்கிரெஸ் இன்னும் பாரமாகத் தெரிந்தால் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் போதும். அதுவும் இலவசம், மொத்தத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும். பணம் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.